சிவப்பும் பச்சையும் சந்திக்கும் இடம்

பெங்களூருக்கு வந்து குடியேறிய நம்மவர்களுக்கு ‘லேஅவுட்’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. எச்.எஸ்.ஆர். லேஅவுட், பி.டி.எம். லேஅவுட் என்று நம்மில் பாதிப் பேர் ஏதோ ஒரு லேஅவுட்டில்தான் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆகவே என் மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண் ‘லேஅவுட் என்ஜினீயர்’ என்று சொன்னதும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். மனை அளந்து, கல் நட்டு, சாலைக்கு இடம் விட்டு வரைபடம் போடுகிற வேலை! “பாவம், வெயிலில் அலைய வேண்டியிருக்குமேம்மா” என்று பெண்ணிடமே கேட்டுவிட்டேன். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “இல்லை அங்கிள், ஏ.சி. ரூம்தான். சிப்புக்குள்ளே லேஅவுட் போடறேன்” என்றாள். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை.

அந்தப் பெண் இப்போது எங்கள் மருமகள். 2020இல் கொரோனா வந்து எல்லோரும் வீட்டுக்குள் அடைந்தபோது, அவளுடைய அலுவலகம் எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு வந்து சேர்ந்தது. கம்பெனி ரகசியம் என்பதால் திரையின் பக்கம் நான் போகக்கூடாது. ஆனால் காபி டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பும்போது கண்ணில் பட்டதை என்ன செய்வது? கறுப்புப் பின்னணியில் சிவப்பு, பச்சை, நீலம், ஊதா என்று பட்டை பட்டையாகக் கோடுகள், நடுநடுவே சின்னச் சின்னப் பெருக்கல் குறிகள். தறியில் பாவு போட்ட மாதிரி இருந்தது.

நான் 1979இல் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, 1980இல் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் சேர்ந்து, 2018இல் ஓய்வு பெற்றவன். முப்பத்தெட்டு வருடம் நிறங்களோடுதான் குப்பை கொட்டினேன். சிவப்பு என்றால் நில், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, இரட்டை மஞ்சள் என்றால் கவனம், பச்சை என்றால் போ. ஸ்டேஷன் மாஸ்டரின் பேனலில் பாதை அமைந்துவிட்டால் வெள்ளை விளக்கு வரிசையாக எரியும்; வண்டி ஏறிய தண்டவாளத் துண்டு சிவப்பாக மாறும். அப்படிப்பட்டவன் கண்முன்னால் ஒரு புது நிறச் சட்டம் ஓடிக்கொண்டிருக்க, அது என்ன சொல்கிறது என்று தெரியாமல் எப்படி உட்கார்ந்திருப்பது? மருமகளிடம் கேட்டேன். அவள் அலுவலகக் கணினியைத் தொடவிடாமல், என் பழைய கணினியில் ‘மேஜிக்’ என்ற இலவச மென்பொருளைப் போட்டுக் கொடுத்தாள். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1980களின் தொடக்கத்தில் ஜான் ஆஸ்டர்ஹவுட் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் எழுதியது. நாற்பது வருடம் தாண்டியும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இதையெல்லாம் நம் சங்க மலரில் எழுத வேண்டிய காரணம் வேறு. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பாடம்.

வீட்டுக்கு பிளான் போட்டவர்களுக்குத் தெரியும். தரைத்தளம் ஒரு தாளில், முதல் மாடி ஒரு தாளில் வரைந்திருப்பார்கள். ஒரு சிப் என்பது பத்துப் பதினைந்து மாடிக் கட்டடம். அடியில் சிலிக்கன் என்கிற தரை. அதன்மேல் ஒவ்வொரு மாடியாக வரிசையாகக் கட்டிக்கொண்டு போகிறார்கள். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு முகமூடித் தகடு, அதாவது ‘மாஸ்க்’; நெகடிவ் வைத்துப் படம் பிரதி எடுக்கிற மாதிரி. லேஅவுட் போடுகிறவர் இத்தனை மாடிகளையும் கண்ணாடிக் கட்டடத்தை மொட்டை மாடியிலிருந்து குனிந்து பார்ப்பதுபோல ஒரே திரையில் பார்க்க வேண்டும். எந்தக் கோடு எந்த மாடியில் ஓடுகிறது என்று தெரிய ஒரே வழி, மாடிக்கு ஒரு நிறம்.

பாடப்புத்தக நிறங்கள் இவை. தரையிலேயே சிலிக்கனுக்குள் வேற்றுப் பொருள் கலந்து மின்சாரம் ஓடும்படி செய்த பாதைக்கு, அதாவது டிஃப்யூஷனுக்கு, பச்சை. அதற்கு மேலே வரும் பாலிசிலிக்கான் பட்டைக்குச் சிவப்பு. அதற்கும் மேலே உலோகக் கம்பி, நீலம். இரண்டாவது உலோக மாடிக்குப் பெரும்பாலும் ஊதா. இரு மாடிகளை இணைக்கிற துளைக்குக் கறுப்புச் சதுரம்.

ரயில்வேக்காரனுக்கு இது புரிந்த விதத்தைச் சொல்கிறேன். நீலம் பச்சையைக் கடந்து போனால் அது மேம்பாலம். நடுவே கண்ணாடி மாதிரி ஒரு காப்பு அடுக்கு இருக்கிறது. மேலே போவது மேலே, கீழே போவது கீழே. இரண்டையும் சேர்க்க வேண்டும் என்றால் கறுப்புச் சதுரம் போட்டாக வேண்டும். சிவப்பு பச்சையைக் கடந்தாலோ கதையே வேறு. அது லெவல் கிராஸிங்! பச்சைப் பாதையில் வருகிற மின்சாரத்தைச் சிவப்புப் பட்டை தடுக்கும்; சிவப்புக்கு மின்னழுத்தம் கொடுத்தால் வழிவிடும். அந்தச் சந்திப்புதான் டிரான்சிஸ்டர். சிவப்புப் பட்டையின் அந்த இடத்துக்குப் பெயரே ‘கேட்’ என்று மருமகள் சொன்னபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. எங்கள் பாஷையில் சொன்னால் ஒரு ரிலே. சிவப்பு அதன் காயில், இருபுறமும் உள்ள பச்சை அதன் கான்டாக்ட்.

இதில் ஒரு வேடிக்கை. படத்தில் பச்சைப் பட்டை சிவப்புக்கு அடியில் அறுபடாமல் தொடர்ந்து ஓடுவதாகத்தான் வரைகிறோம். ஆனால் நிஜத்தில் அங்கே பச்சை கிடையாது. தொழிற்சாலையில் சிவப்புப் பட்டையை முதலில் பதித்துவிட்டு, பிறகுதான் வேற்றுப் பொருளைச் செலுத்துகிறார்கள். சிவப்பு குடை பிடித்த மாதிரி தன் அடியில் விழாமல் தடுத்துவிடும். அதனால் பாதை தானாகவே இரண்டாக முறிந்து, நடுவில் கேட் கச்சிதமாக அமைகிறது. வரைகிறவன் கை ஒரு மயிரிழை பிசகினாலும் பாதகமில்லை. இந்த யோசனை யாருக்கு முதலில் வந்ததோ, அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

இன்னொரு விதி. சிவப்புப் பட்டை பச்சையைக் கடந்த பிறகு, பச்சையின் ஓரத்தோடு நின்றுவிடக்கூடாது. கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். ஏன் என்று லெவல் கிராஸிங்கில் நின்றிருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கேட் சாலையின் முழு அகலத்துக்கும் வராவிட்டால் ஸ்கூட்டர்காரர் ஓரமாக நுழைந்து போய்விடுவார் அல்லவா? மின்சாரமும் அப்படித்தான்.

இந்த நிறங்களை யார் வைத்தார்கள் என்று தேடிப் பார்த்தேன். ஆதியில் திரையும் கிடையாது, மென்பொருளும் கிடையாது. மைலார் தாளில் பென்சிலால் சில நூறு மடங்கு பெரிதாக வரைவார்கள். பிறகு ‘ரூபிலித்’ என்ற சிவப்புப் படலம் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை ஒளிமேஜையில் விரித்து, கத்தியால் கீறி, வேண்டாத இடத்தை உரித்தெடுப்பார்கள். அதைப் படம் பிடித்துச் சிறிதாக்கினால் மாஸ்க். 1971இல் வந்த இன்டெல் 4004 சிப்பில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள். அத்தனையும் இப்படிக் கையால் வந்தவைதான். அதை வடிவமைத்த ஃபெடரிக்கோ ஃபாஜின், ஓரத்தில் தன் பெயரின் முதலெழுத்துகள் இரண்டையும் பொறித்து வைத்தார். எங்கள் காலத்து டிராயிங் ஆபீஸில் தலைமை வரைவாளர் மூலையில் போடுகிற சுருக்கொப்பம் எனக்கு நினைவுக்கு வந்தது.

1980இல் கார்வர் மீட், லின் கான்வே என்ற இருவர் சேர்ந்து ஒரு பாடப்புத்தகம் எழுதினார்கள். சிப் வடிவமைப்பு சில கம்பெனிகளின் வித்தையாக இருந்ததைக் கல்லூரி மாணவனும் செய்யலாம் என்று ஆக்கிய புத்தகம் அது. கான்வே அம்மையார் 2024இல்தான் காலமானார். பச்சை, சிவப்பு, நீலம் என்ற வரிசை உலகமெங்கும் பரவியது அந்தப் புத்தகத்தால்தான். அளவுகளையும் எளிமையாக்கினார்கள். ‘லாம்டா’ என்று ஓர் அலகு. சிவப்புக் கோட்டின் அகலம் குறைந்தது 2 லாம்டா, நீலம் 3, நீலத்துக்கும் நீலத்துக்கும் இடைவெளி 3, சற்றுமுன் சொன்ன கேட் நீட்டல் 2. மாணவர்கள் கட்டம் போட்ட தாளையும் கலர் பென்சிலையும் வைத்துக்கொண்டே ஒரு சிப்பின் பகுதியை வரைந்துவிடலாம். அகலம்கூட வேண்டாம், வெறும் கோடுகளாகப் போட்டால் அது ‘ஸ்டிக் டயக்ராம்’. உங்கள் வீட்டில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற பிள்ளை பரீட்சைக்குப் போகும்போது கலர் பென்சில் டப்பா கேட்டால், எல்.கே.ஜி. ஞாபகம் வந்துவிட்டதோ என்று கவலைப்பட வேண்டாம். இதற்குத்தான்.

நிறம் தவிரக் குறிகளும் உண்டு. மேஜிக் மென்பொருளில் சிவப்பைப் பச்சைமேல் வைத்தால் அந்த இடம் கோடு போட்ட தனி வேஷம் கட்டிக்கொண்டு ‘நான் டிரான்சிஸ்டர்’ என்று காட்டும். இணைப்புத் துளைகளில் பெருக்கல் குறி. இடைவெளி விதியை மீறினால் அந்த இடத்தில் வெள்ளைப் புள்ளிகள் உடனே முளைக்கும். கோலத்துக்குப் புள்ளி வைத்துவிட்டுக் கோடு போடுவோம். இங்கே கோடு போட்டுவிட்டுப் புள்ளி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்! இன்றைய பெரிய மென்பொருள்களில் மாடிகளின் எண்ணிக்கை அதிகம். வெறும் நிறம் போதாது. ஆகவே ஒவ்வொரு மாடிக்கும் நிறத்தோடு ஒரு நிரப்பு வடிவமும் சேர்கிறது. புள்ளி, சாய்கோடு, எதிர்ச் சாய்கோடு, கட்டம், வெறும் ஓரக்கோடு மட்டும் என்று பல. கீழே இருப்பதும் தெரிய வேண்டும், மேலே இருப்பதும் தெரிய வேண்டும் என்பதால் இந்த ஏற்பாடு.

சரி, நான் அசந்துபோன விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை நிறமும் தொழிற்சாலைக்குப் போவதே இல்லை! லேஅவுட் முடிந்ததும் ‘ஜி.டி.எஸ்.’ என்ற கோப்பாக அனுப்புகிறார்கள். கால்மா என்ற கம்பெனி 1970களின் கடைசியில் வகுத்த முறை, இன்றும் நடக்கிறது. அதில் நிறம் என்ற பேச்சே கிடையாது. ஒவ்வொரு மாடிக்கும் இரண்டு எண்கள் மட்டும். கூகுளும் ஸ்கைவாட்டர் என்ற சிப் தொழிற்சாலையும் சேர்ந்து 2020இல் 130 நானோமீட்டர் தொழில்நுட்ப விவரங்களை யாரும் பார்க்கலாம் என்று திறந்துவிட்டார்கள். அதில் பாலிசிலிக்கானுக்கு 66, 20. முதல் உலோகத்துக்கு 68, 20. அவ்வளவுதான். சிவப்பு என்பதும் நீலம் என்பதும் வரைகிறவரின் கண்ணுக்காக, அவருடைய கணினியில் ஒரு தனிக் கோப்பில் இருக்கும் ஏற்பாடு. அதை மாற்றினால் சிப் மாறாது. சிலிக்கனுக்குள் போய்ப் பார்த்தால் அங்கே சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை.

நிறத்துக்கே நிஜமான அர்த்தம் வருகிற இடம் ஒன்று உண்டு. சுமார் 20 நானோமீட்டர் தலைமுறையிலிருந்து கோடுகள் மிக நெருங்கிவிட்டதால் ஒரே மாடியை ஒரே மாஸ்க்கில் பதிக்க முடியவில்லை. அதை இரண்டாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு மாஸ்க்கில் பதிக்கிறார்கள். எந்தக் கோடு எந்த மாஸ்க் என்பதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘கலர்’. நெருங்கிய இரு கோடுகளுக்கு ஒரே கலர் கூடாது. இரண்டு பெயின்ட் டப்பாதான் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரே நிறம் அடிக்கக்கூடாது என்றால், ஒருவருக்கொருவர் பக்கத்தில் இருக்கும் மூன்று வீடுகளுக்கு என்ன செய்வீர்கள்? முடியாது. ஒரு வீட்டை நகர்த்தத்தான் வேண்டும். மருமகள் இரவு பதினோரு மணிக்கு நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், எங்கேயோ மூன்று கோடுகள் இப்படி முக்கோணம் போட்டுக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம்.

இனி, காரணத்துக்கு வருகிறேன்.

1980இல் ரயில்வே மருத்துவப் பரிசோதனை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் என் சிநேகிதர். என்னைவிட நான்கு வயது மூத்தவர். பிறகு அவர் தங்கையை நான் மணந்ததால் மைத்துனர் ஆனார். டாக்டர் ஒரு புத்தகத்தைத் திறந்து, புள்ளிகளால் ஆன வட்டங்களைக் காட்டி, அதில் தெரியும் எண்ணைப் படிக்கச் சொன்னார். ஜப்பானியரான டாக்டர் இஷிஹாரா 1917இல் வெளியிட்ட சோதனை, இன்றும் அதுதான். இவர் முதல் பக்கத்தைச் சரியாகப் படித்தார். அடுத்ததில் மௌனம். அதற்கடுத்ததில் இல்லாத ஓர் எண்ணைச் சொன்னார். கையில் ஒரு வயதுப் பெண் குழந்தை, வீட்டில் வேறு வருமானம் கிடையாது. அன்றைக்கு வரைக்கும் தனக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகத் தெரியாது என்பதே அவருக்குத் தெரியாது! பிறகு நிறம் பார்க்கத் தேவையில்லாத எழுத்தர் வேலைக்குப் போய், அதிலேயே ஓய்வு பெற்றார்.

அந்தச் சோதனை தப்பு என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். 1875இல் ஸ்வீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதின. நிறம் தெரியாததே காரணமாக இருக்கலாம் என்று ஹோல்ம்கிரென் என்ற மருத்துவப் பேராசிரியர் வாதாடி, கம்பளி நூல் சிட்டங்களைப் பிரிக்கச் சொல்லி ரயில்வேக்காரர்களைச் சோதிக்க ஆரம்பித்தார். ஆயிரம் பேர் உயிரைச் சுமந்து இரவில் ஓடுகிற வண்டிக்கு ஒரு விளக்கின் நிறம்தான் சாட்சி. அங்கே தயவு தாட்சண்யம் கூடாது.

இந்தக் குறை பெரும்பாலும் பரம்பரை. தாத்தாவிடமிருந்து மகள் வழியாகப் பேரனுக்கு வரும். மகளுக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. அவள் மகனுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மைத்துனரின் அந்த ஒரு வயதுக் குழந்தைக்கு இப்போது கல்லூரி முடித்த மகன் இருக்கிறான். யாரும் இதை யோசிக்கவில்லை. பையன் நன்றாகப் படித்தான். இந்த ஊரில் ஒரு சிப் நிறுவனத்தில் லேஅவுட் பயிற்சிக்குச் சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பாடு.

மூன்றாவது மாதம் சாப்பாட்டுக்கு வருவது நின்றது. போன் செய்தால், “வேலை ஜாஸ்தி, தாத்தா” என்பான். ஒருநாள் அவன் அம்மா ஊரிலிருந்து என்னைக் கூப்பிட்டு, “மாமா, அவன் வேலையை விடப்போறேன்றான். காரணம் சொல்ல மாட்டேங்கறான். நீங்க நேர்ல பாருங்க” என்று அழுதாள்.

மாரத்தஹள்ளியில் அவன் தங்கியிருந்த அறைக்குப் போனேன். வெகு நேரம் கழித்துச் சொன்னான். அவன் வரைந்த ஒரு பகுதியில், இருக்க வேண்டியதற்கு மேல் ஒரு டிரான்சிஸ்டர் அதிகம் என்று கணினி சொல்லிவிட்டது. எங்கே என்று இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. பக்கத்து நாற்காலிப் பையன் வந்து ஒரு நிமிடத்தில் விரல் வைத்துக் காட்டிவிட்டான். சிவப்புக் கோடு ஒன்று பச்சையின் ஓரத்தில் ஏறியிருந்தது. “கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்” என்று மேலே இருப்பவர் எல்லோர் எதிரிலும் சொல்லியிருக்கிறார். இவன் அன்று இரவு இஷிஹாரா படங்களைத் தேடிப் பிடித்துத் தானே பார்த்துத் தெரிந்துகொண்டான். அகலமான பட்டையாக இருந்தால் அவன் சமாளித்துவிடுவான். கறுப்புப் பின்னணியில் மெல்லிய கோடு, ஒன்றின்மேல் ஒன்று என்றால் இரண்டும் ஒரே காவிச் சேறு. உலகத்தில் எத்தனையோ நிற ஜோடி இருக்க, டிரான்சிஸ்டரைப் பிறப்பிக்கிற ஜோடியே அவனுக்குத் தெரியாத ஜோடியாக அமைந்துவிட்டது!

“தாத்தாவுக்கு ஆன மாதிரிதான் எனக்கும்” என்றான். எனக்கு அந்த மருத்துவமனை வராந்தா அப்படியே கண்முன் வந்தது.

அவனை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மருமகள் முழுக்கக் கேட்டுவிட்டு, “இவ்வளவுதானா? கலரை மாத்திக்கோயேன்” என்றாள். “மாத்தலாமா அத்தை?” என்று கேட்டான் அவன். பயிற்சியில் முதல் நாள் கொடுத்த நிறம் சட்டம் என்றே நினைத்திருக்கிறான். அவன்மேல் குற்றமில்லை. சிக்னலில் நிறம் சட்டம்; அதை மாற்ற எனக்கோ என் மேலதிகாரிக்கோ உரிமை கிடையாது. திரையில் நிறம் ஒரு வசதி. இந்த வித்தியாசத்தை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

ஆனால் நிறத்தை மட்டும் மாற்றினால் தீர்ந்துவிடவில்லை. பச்சைக்கு மஞ்சள் வைத்தோம், சரி. சிவப்புக்கு வெள்ளை வைத்தோம், சரி. முதல் உலோகம் நீலம், இரண்டாவது ஊதா என்று வந்தபோது, “ரெண்டும் நீலமாத்தான் இருக்கு” என்றான். ஊதாவில் இருக்கும் சிவப்பு அவன் கண்ணில் விழவில்லை. ஏழெட்டு மாடிக்கு மேல் போனால் அவன் கண்ணுக்குப் பிரிகிற நிறமே கையிருப்பில் இல்லை.

அப்போதுதான் கிழவனுக்கு வேலை வந்தது. எங்கள் காலத்தில் டிராயிங்குகள் எல்லாம் அம்மோனியா பிரிண்ட். ஒரே நிறம், மூக்கைத் துளைக்கிற வாடை. நிறமே இல்லாமல்தான் கேபிள் பாதை, குழாய், பழைய சுவர், புதுச் சுவர் எல்லாவற்றையும் பிரித்துக் காட்டினோம். தொடர்கோடு, துண்டுக்கோடு, கோடும் புள்ளியும், ஒற்றைச் சாய்வு, இரட்டைச் சாய்வு, புள்ளி நிரப்பு. மாநகராட்சிக்குக் கொடுக்கிற வீட்டுப் பிளானில்கூட இடிக்கப்போகும் பகுதிக்கு மஞ்சளோடு சாய்கோடும் சேர்த்துத்தானே போடச் சொல்கிறார்கள்? ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பன்னிரண்டு கட்டம் போட்டு, மாடிக்கு ஒரு வடிவம் வரைந்து கொடுத்தேன். பக்கத்துப் பக்கத்து மாடிகளுக்கு எதிரெதிர்ச் சாய்வு. ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் வலைபோல் தெரியும். பையன் அதைப் பார்த்து மேஜிக்கிலும், பிறகு ‘கேலேஅவுட்’ என்ற இன்னொரு இலவச மென்பொருளிலும் ஏற்றிப் பார்த்தான். கேலேஅவுட்டில் ஒரு மாடியை மட்டும் சிமிட்டச் செய்கிற வசதியும் இருக்கிறது. சிவப்பு தெரியாவிட்டால் என்ன, சிமிட்டுவது தெரியுமே!

கறுப்பு வெள்ளையில் அச்சிட்ட பாடப்புத்தகங்களிலும் மாடிக்கு ஒரு கோட்டு வடிவம் என்ற வழக்கம் இருப்பதை மருமகள் எடுத்துக் காட்டினாள். அவன் படித்த புத்தகத்திலேயே இருந்தது. கலர் பென்சில் டப்பா கையில் இருக்கும்போது அந்தப் பக்கத்தை யார் பார்ப்பார்கள்?

அலுவலகத்தில் சொல்ல வேண்டுமா, வேண்டாமா என்று பெரிய வாக்குவாதம். மறைத்துவிடலாம் என்றாள் அவன் அம்மா. சொல்லித்தான் ஆக வேண்டும் என்றேன் நான். மற்றவர்கள் உன் மேஜைக்கு வந்து உன் திரையைப் பார்க்கப் போகிறார்கள், நீ அவர்கள் திரையைப் பார்க்கப் போகிறாய், எத்தனை நாள் மறைப்பாய்? சொன்னான். திட்டிய அதே மேலதிகாரி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அன்றைக்கே சொல்லியிருக்கலாமே” என்றாராம். ஆனால் ஒரு நியாயமான சிக்கலையும் எழுப்பினார். நாலு பேர் சேர்ந்து ஒரு படத்தைச் சரிபார்க்கும்போது, “அந்தச் சிவப்பை நகர்த்து” என்றால் எல்லோருக்கும் அது சிவப்பாக இருக்க வேண்டும். பல நாள் பேசிக் கடைசியில் ஒரு ராஜி. நிறம் அவர்களுடையது, நிரப்பு வடிவம் இவனுடையது. குழுவில் எல்லோருக்கும் அதே கோப்பு. திரை கைலித் துணி மாதிரி இருக்கிறது என்று ஒருவர் மட்டும் இன்னும் முணுமுணுக்கிறாராம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பிழைப் பட்டியலில் சரி என்றால் பச்சைப் புள்ளி, தப்பு என்றால் சிவப்புப் புள்ளி என்று சில மென்பொருள்கள் காட்டுகின்றன. அங்கே அவன் எழுத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மற்றவர்களைவிட நேரம் ஆகிறது. ஒரு சாய்கோடும் ஒரு புள்ளியும் சேர்த்துப் போட அந்த மென்பொருள் எழுதியவருக்கு என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை. செமஃபோர் கைகாட்டியில்கூட எச்சரிக்கைக் கைகாட்டியின் நுனியை மீன்வால் மாதிரி வெட்டி வைத்தார்கள் எங்கள் முன்னோர். பகலில் நிறம் மங்கினாலும் வடிவம் காப்பாற்றும்.

நம் சங்கக் குடும்பங்களில் இந்தத் துறைக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் நிறைய. தாய்வழித் தாத்தாவுக்கோ தாய்மாமனுக்கோ நிறம் தெரியாத குறை உண்டென்றால், பையனைக் கண் டாக்டரிடம் காட்டி அந்தப் புள்ளிப் புத்தகத்தைப் படிக்கச் சொல்லுங்கள். சில நிமிட வேலை. கல்லூரியில் சேர்வதற்கு முன்பே தெரிந்துவிடும். ரயில் ஓட்ட முடியாது, சிப் வரையலாம்.

போன பொங்கலுக்கு மைத்துனர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். எழுபதைத் தாண்டியாயிற்று, சர்க்கரை, முழங்கால் வலி எல்லாம் உண்டு. பேரன் என் பழைய கணினியில் கேலேஅவுட்டைத் திறந்து, தாத்தாவுக்குத் தன் வேலையை விளக்கிக்கொண்டிருந்தான். முதலில் வழக்கமான நிறங்கள். கிழவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, “என்னமோ போட்டிருக்கே” என்றார். பையன் ஒரு பட்டனைத் தட்டித் தன் கோப்பைப் போட்டான். புள்ளியும் சாய்கோடும் கட்டமுமாகத் திரை மாறியது. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். விரலை வைத்து, “இது மேலே போகுது. இது அடியிலே. இங்கே ரெண்டும் குறுக்கே வருது, சரியா?” என்றார்.

“அதான் தாத்தா, கேட்” என்றான் பேரன்.

“தெரியுதுடா” என்றார் அவர். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, “மாப்ளே, நல்லா தெரியுது” என்றார்.